வலது பின்பக்க மழை

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் ரிசீவருக்கு மேலிருந்த பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். கல்யாணமான புதிதில் வாங்கிய ரிசீவர் அது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். டிஸ்க் பிளேயரிலிருந்து வரும் ஒலியை வாங்கி, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் அதிர்வுக்கென்று ஒரு பெட்டி என ஆறு ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. இத்தனை வருடங்களில் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. அதை மாற்றச் சொன்னவர்களிடம்தான் அவர் முரண்டு பிடித்திருக்கிறார்.

சாய்வு நாற்காலியில் கிடந்த ஆபீஸ் பைக்குள் ஒரு டிஸ்க் இருந்தது. அவருடைய மைத்துனனின் வேலை அந்த டிஸ்க்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

சினிமாப் படங்களை ப்ளூரே டிஸ்க்குகளாகத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவர் ஒலி பரிசோதகர். டிஸ்க் அச்சுக்குப் போகும் முன் உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கே கரகரக்கிறது, எங்கே பேச்சு உதட்டசைவோடு ஒட்டவில்லை, எங்கே ஒரு ஸ்பீக்கர் ஊமையாகிப்போனது என்று பிடிக்க வேண்டும். அடுத்த அறையில் ஒருவர் பேனா மூடியைத் திறப்பதுகூட இவருக்குக் கேட்டுவிடும் என்று ஆபீசில் சொல்வார்கள். பாம்புக்காது என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அதையும் அவர் கேட்டுவிட்டார். கேட்டதில் உள்ளூரச் சந்தோஷம்.

பரிசோதனை அறையில், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் ஒலியின் அளவைக் காட்டும் பச்சை விளக்கு வரிசைகள் உண்டு. அவற்றின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கேட்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். "விளக்கு எரியுதான்னு பாக்கறதுக்கு வாட்ச்மேன் போதும்யா. நம்மள எதுக்கு வெச்சிருக்காங்க?" என்பார். மேலாளருக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போனது. விருந்தாளிகள் வந்தால் துண்டைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார். எட்டிப் பார்க்க ஆசைப்படும் புதியவர்களுக்கு அவருடைய ஒரு முறைப்பு போதும்.

அந்த அறைக்குத்தான் இரண்டு வருடங்களுக்கு முன் மனைவியின் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தார். முழுப் படத்தையும் முதலில் கேட்பது மைத்துனன். அவன் சந்தேகப்படும் இடங்களையும், தாமாகத் தேர்ந்தெடுக்கும் சில இடங்களையும் மறுபடி கேட்டுச் சரி சொல்வது இவர். பொறுப்பு முதலில் கேட்டவருடையது. கடைசிச் சொல் இவருடையது.

போன வாரம் ஒரு டிஸ்க் திரும்பி வந்தது. படத்தின் மூன்றாவது பாகத்தில் ஒரு மழைக் காட்சி. தகரக் கொட்டகைக்குள் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், நாலாபக்கமும் மழை கொட்டுகிறது. அங்கிருந்து படம் முடியும்வரை வலது பின்பக்க ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை என்று வாங்கியவர்கள் புகார் எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முதல்ல கேட்டவர் தூங்கியிருக்கார். வேற எப்படி இது தப்பும்? திங்கக்கிழமை முடிவு சொல்றேன். அதுவரைக்கும் நீ வர வேண்டாம்" என்றார் மைத்துனனைப் பார்த்து. பிறகு இவர் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்ட இடத்துல அது வந்திருக்காது. வந்திருந்தா விட்டிருப்பீங்களா?"



அந்த மழையை இவரும் கேட்டிருந்தார். டிஸ்க் அச்சுக்குப் போகும் முன் ஒருநாள் மைத்துனன் கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "அத்தான், அந்தக் கொட்டகை சீன்ல வலது பின்னாடி காலியா இருக்கற மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் அப்படியா?" என்று கேட்டான். இவர் போய்க் கேட்டுவிட்டு வந்து, "நல்லாத்தான் பெய்யுது. உன் காது இன்னும் பழகல" என்று சொன்னார். அவனும் தலையாட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை மேலாளர் திட்டியபோது அவன் இதைச் சொல்லவில்லை. மேசையில் கிடந்த ரப்பர் வளையத்தை விரலில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். இவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் டிஸ்க்கைக் கேட்டுவிடுவோம், குறையே இல்லாமலும் இருக்கலாமே என்று தம்மைத்தாமே சமாதானப்படுத்திக்கொண்டு, திரும்பி வந்தவற்றில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பரிசோதனை அறையில் வெளியாட்கள் வந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இல்லாவிட்டாலும் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருப்பார். ஆபீஸ் அறையைவிடத் தம் ரிசீவர்மீதுதான் அவருக்கு நம்பிக்கை.

மனைவி எழுந்து வந்து பூச்சாடி தரையில் இருப்பதைப் பார்த்தாள்.

"நாளைக்கு என் தம்பிக்கு வேலை இருக்குமா இருக்காதான்னு தெரியல. நீங்க பாட்டுக்கு இதைக் கட்டிட்டு அழுங்க."

"அவனுக்காகத்தான் இதைப் பண்றேன்."

"ஒரு போன் பண்ணி மேனேஜர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறதுக்கு இவ்வளவு வயர் வேணுமா?"

அவளுக்கு கேன்டீன் விஷயம் தெரியாது.

மைத்துனன் பத்து மணி வாக்கில் வந்தான். தோளில் ஒரு துணிப்பை, அது நிறைய கேபிள்கள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அத்தான், இந்த ரிசீவரை மியூசியத்துல இருந்து கேட்டு வந்தாங்க. ஓனர் இன்னும் உயிரோட இருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"வா மாப்ளே. வாய்க்கு மட்டும் இன்னும் யாரும் லீவு குடுக்கல போல."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று அவருக்கு உறைத்தது. மைத்துனன் சிரித்து வைத்தான். அக்கா தட்டில் வைத்துக் கொடுத்ததை மறுக்காமல் சாப்பிட்டான். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

டிஸ்க்கைப் போட்டார்கள். அவர் தம் நாற்காலியில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது பாகத்துக்கு ஓட்டச் சொன்னார். தகரக் கொட்டகை வந்தது. மழை தொடங்கியது. முன்னால் சடசடவென்று, இடது பின்னால் ஓலையில் விழுகிற மாதிரி, வலது பின்னால் குழாயில் இறங்கி ஓடுகிற மாதிரி. சுற்றிலும் மழை. ஒரு மூலைகூட வறண்டிருக்கவில்லை.

அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

"பாத்தியா! பாத்தியா மாப்ளே! டிஸ்க்ல ஒரு குறையும் இல்ல. எவனோ வீட்டுல ஸ்பீக்கர் வயரை எலி கடிச்சிருக்கு, நம்ம தலையைப் போட்டு உருட்டுறாங்க!"

"நான் சொல்லல?" மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. "என் தம்பி தூங்குற ஆளா? மொதல்ல அந்த மனுஷனுக்குப் போனைப் போடுங்க."

அவர் போனைத் தேடினார். மைத்துனன் மட்டும் எழுந்திருக்கவில்லை. டிவி மேசைக்குப் பின்னால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான்... ஆப்டிகல்லதானே போட்டிருக்கீங்க?"

அவர் கை சட்டைப் பைக்குள்ளேயே நின்றது.

இது அவர் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற விஷயம். ப்ளூரே டிஸ்க்கில் ஒரே படத்தின் ஒலி இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று முழு ஒலி, ஸ்டுடியோவில் எப்படிச் செய்தார்களோ அப்படியே. மற்றது சுருக்கிய ஒலி, பழைய கருவிகளுக்காகக் கூடவே வைக்கும் நகல். புது ரிசீவர்களில் எச்.டி.எம்.ஐ. என்ற ஒற்றைக் கேபிள் முழு ஒலியைக் கொண்டுபோய்விடும். இவருடைய ரிசீவர் செய்யப்பட்ட காலத்தில் அந்தத் துளையே கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், நுனியில் சிவப்பு வெளிச்சம் மினுக்கும் மெல்லிய ஆப்டிகல் கேபிள். அதன் வழியாக முழு ஒலி போகாது. பிளேயர் சத்தமில்லாமல் நகலை எடுத்துக் கொடுத்துவிடும். ஆபீசில் கேட்டது முழு ஒலி. புகார் எழுதியவர்கள் கேட்டதும் அதுதான். இவர் இப்போது கேட்டது நகல். நகலில் மழை பெய்வதால் முழு ஒலியிலும் பெய்கிறது என்று ஆகிவிடாது.

இதைப் போய் மறந்துவிட்டாரே! மறக்க வேண்டும் என்று மனம் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தால் இதை மறந்திருக்கும்!

"அப்போ?" என்றாள் மனைவி.

"அப்போ இன்னும் கேக்கல" என்றார்.

வழி இல்லாமலில்லை. அவர் வைத்திருந்த பிளேயரின் முதுகில் ஆறு துளைகள் உண்டு. ஒலியை பிளேயரே பிரித்து, ஸ்பீக்கருக்கு ஒன்றாக ஆறு கம்பிகளில் அனுப்பிவிடும். பழைய ரிசீவரின் முதுகிலும் அதே போல ஆறு துளைகள். பிரிக்கிற வேலை முடிந்துவிட்டதால் ரிசீவர் பெருக்கிக் கொடுத்தால் மட்டும் போதும். அந்த பிளேயரை வாங்கியபோது ஒருமுறை அவர் அப்படி மாட்டிப் பார்த்திருந்தார். ஒலி ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்ததால் கழற்றிவிட்டு, "ஆறு கம்பி வழியெல்லாம் காசுக்குப் பிடிச்ச கேடு, எனக்கு என் ஆப்டிகல் போதும்" என்று ஆபீசில் பல நாள் சொல்லித் திரிந்தார்.

"அதை நம்பித்தான் நானும் வாங்காம இருந்தேன்" என்றான் மைத்துனன், பையிலிருந்து கேபிள்களை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டே. "இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கடன் வாங்கினது. கழுத்தை நெரிச்சா மாதிரி சுத்தி வெச்சிருக்கான் பாருங்க."

இரண்டு பேருமாக ரிசீவரை இழுத்துத் திருப்பினார்கள். பின்னால் இருந்த தூசியில் ஒரு ஹேர்பின், ஒரு பகடைக்காய், மகள் சின்ன வயதில் தொலைத்துவிட்டு ஊரைக் கூட்டிய ரப்பர் வாத்து. மைத்துனன் டார்ச் அடிக்க அவர் ஒவ்வொன்றாகச் செருகினார். முன் இடது, முன் வலது, நடு, அதிர்வுப் பெட்டி, பின் இடது, பின் வலது. பிறகு பிளேயரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், ஒலியை நீயே பிரி என்று அதற்குச் சொன்னார்கள். எந்த ஸ்பீக்கர் பெரியது, எது சிறியது, நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் அது கேட்டது. இவர் சொல்லச் சொல்ல அவன் ரிமோட்டில் அழுத்தினான்.

"சம்பந்தம் பேச வந்த மாதிரி கேக்குது அத்தான். சொத்து விவரம் மட்டும்தான் பாக்கி."

"முதல்ல நல்ல டிஸ்க். வழி சரியா இருக்கான்னு பாப்போம். அப்புறம்தான் இது" என்றார் அவர்.

அலமாரியிலிருந்து ஒரு காட்டுப் படத்தை எடுத்தார். தாமே பரிசோதித்து, தாமே பல முறை பார்த்த படம். அதிலும் ஒரு மழை உண்டு. இலை இலையாக இறங்குகிற மழை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முன்னால் மழை. இடது பின்னால் மழை. வலது பின்னால் யாரோ தலையணையை வைத்து அழுத்தின மாதிரி ஒரு மந்தம்.

"வலது பின் கேபிள் சரியா மாட்டல" என்றார்.

மைத்துனன் போய் அழுத்திப் பார்த்தான். "இறுக்கமாத்தான் இருக்கு."

"அப்ப கேபிள் கெட்டுப்போச்சு. இடதோட மாத்து."

மாற்றினான். அதே மந்தம், அதே இடத்தில்.

"ஸ்பீக்கர் போச்சு."

"ஸ்பீக்கரா?" மைத்துனன் எழுந்து போய் வலது பின்பக்க ஸ்பீக்கர் அருகே குனிந்தான். திரும்பி வந்தான்.

"என்னடா?"

"வருது அத்தான்."

"என்ன வருது? கொஞ்சம்தானே வருது?"

"நல்லாவே வருது."

மகளுக்கு மறுநாள் பரீட்சை. அவள் அறையின் கதவு படாரென்று திறந்தது. "அப்பா! காடே வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு. அந்த மூலை ஸ்பீக்கரையாவது குறைங்கப்பா, என் சுவத்துலதான் வந்து முட்டுது!"

அவளைத் திட்டுவதற்காக அவர் நாற்காலியோடு பின்னால் திரும்பினார். அந்தக் கணத்தில் வலது பின்பக்க மழை வந்துவிட்டது. ஒவ்வொரு துளியாக, இலையின் நுனியில் நின்று யோசித்துவிட்டு விழுகிற துளிகூட. இப்போது அந்த ஸ்பீக்கர் அவருடைய இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் மெல்ல முன்னால் திரும்பினார். மழை போய்விட்டது. மறுபடி பின்னால் திரும்பினார். வந்தது.

மகள் திட்டு வரும் என்று காத்திருந்துவிட்டு, வராததால் பயந்துபோய், "சரி, நான் பஞ்சு வெச்சுக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நிப்பாட்டு" என்றார்.

அவர் எழுந்து போய் ரிசீவரின் முன் மண்டியிட்டு, அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எவ்வளவு கூட்டி, எவ்வளவு குறைத்து வைத்திருக்கிறோம் என்பதை அது காட்டும். முன்னால் மூன்றும் சமம். பின் இடது சமம். பின் வலது, இதற்குமேல் ஏற்ற முடியாது என்கிற உச்சத்தில் நின்றது. ஏற்றியவர் அவர்தான். திரைச்சீலை மாற்றியபோது ஒரு படி, சோபாவை நகர்த்தியபோது ஒரு படி, ஸ்பீக்கருக்கு வயதாகிவிட்டது என்று ஒரு படி. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. ஒரு முறைகூட அந்தக் காரணம் தம் தலைக்குள் இருக்கலாம் என்று தோன்றவில்லை. ஆறு கம்பியில் வரும் ஒலியை இந்த ரிசீவர் ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. வந்ததை வந்தபடி கொடுக்கும். பிளேயர் வாங்கிய அன்றைக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது ஒலி அல்ல. ஆபீஸ் அறையிலும் யாரும் அவருக்காக வலது பக்கத்தை ஏற்றி வைத்திருக்கவில்லை.

"ஏங்க, என்ன ஆச்சு?" மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஒரு உதவி பண்ணு. இதுக்குப் பின்னாடி வந்து நில்லு. இதோ, இந்தக் கம்பி. நான் கண்ண மூடிக்கறேன். நீ பாட்டுக்குக் கழட்டு, மாட்டு. கழட்டும்போதெல்லாம் நான் கையத் தூக்கறேன்."

"சின்னப் பிள்ளை விளையாட்டா?"

"செய்."

அந்தக் குரலைக் கேட்டு அவள் செய்தாள். மழை மறுபடி தொடங்கியது. அவர் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக் கண்ணை மூடினார். அவள் கம்பியை உருவினாள். மைத்துனன் தலை சட்டென்று அந்த மூலைக்குத் திரும்பியது. அவர் கை அசையவில்லை. அவள் மாட்டினாள். உருவினாள். மாட்டினாள். கடைசியில் அவர் கையைத் தூக்கியபோது கம்பி பத்திரமாக அதன் துளையில் இருந்தது. அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இப்பதானே?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

மைத்துனன் ரிமோட்டை எடுத்து மழையை நிறுத்தினான்.

பிறகு அவன் தானாகவே அந்த டிஸ்க்கைப் போட்டான். கொட்டகைக் காட்சி. வலது பின்பக்க ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் குந்தி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தலையை ஆட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. முழு ஒலியில் மழை அந்த மூலையில் பெய்யவே இல்லை. புகார் எழுதியவர்கள் வீட்டு வயரை எந்த எலியும் கடித்திருக்கவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். "நல்லதும் கெட்டதும். ஒரே மாதிரி."

"சளி பிடிச்சிருக்கும்" என்றாள் மனைவி. "போன மாசம் முழுக்க இருமிட்டிருந்தீங்களே."

"இவன் என்கிட்ட சொன்னான்."

"யாரு? என்ன சொன்னான்?"

"உன் தம்பி. அந்த இடத்துல காலியா இருக்குன்னு முதல்லயே சொன்னான். நான்தான் போய்க் கேட்டுட்டு வந்து ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். உனக்குக் காது பழகலன்னு வேற சொன்னேன்."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நெசமாடா?"

அவன் கேபிள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா அந்த மேனேஜர் முன்னாடி வாயைத் திறக்கல? என்கிட்டயாவது ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? உன் புருஷனுக்குக் காது கேக்கலன்னா?"

அவன் அதைக் கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அறையில் அன்றைக்கு எழுந்த சத்தங்களிலேயே பெரியதாக அது இருந்தது. சொன்ன பிறகு அவனே வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அப்போ உனக்கு அன்னைக்கே தெரியுமா மாப்ளே?"

"தெரியாது அத்தான். சத்தியமா. சந்தேகம்தான். ரெண்டு மூணு தடவை அந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டேன், நீங்க திரும்பல. யோசனையா இருக்கீங்கன்னு நினைச்சேன்." கேபிளை இறுக்கிச் சுருட்டினான். பக்கத்து வீட்டுக்காரன் சுருட்டியதைவிட இறுக்கமாக. "அத்தான், நான் ஒண்ணு சொல்றேன். இது நம்ம மூணு பேரோட போகட்டும். எனக்கு இதே வேலைதான்னு எழுதியா வெச்சிருக்கு? ஒரு கடையில ஸ்பீக்கர் விக்கப் போனாக்கூட என்னைச் சேத்துக்குவாங்க. நீங்க இதை விட்டா என்ன பண்ணுவீங்க? நீங்க டாக்டரைப் பாருங்க. சரியாயிடுச்சுன்னா யாருக்கும் தெரியவே வேண்டாம்."

"தூங்கிட்டான்னு உனக்குப் பேர் வரும்."

"வந்தா வரட்டும். தூங்கறவன்னு சொன்னா சிரிப்பாங்க, அவ்வளவுதான்."

மனைவி தரையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் கட்டிக்கொண்டவர். காலையில் இருந்தே இவரை போன் பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். இப்போது அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

"நீ என்ன சொல்ற?" என்று அவர் கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க. நான் எதைச் சொன்னாலும் பாவம்."

அவர் கொஞ்ச நேரம் ரிசீவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தார். டாக்டர் சரியாக்கிவிடலாம். ஆகாமலும் போகலாம். எப்படியானாலும் நாளைக்குக் காலையில் அந்த அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த டிஸ்க்குக்குத் தலையாட்ட வேண்டும். மைத்துனன் இடத்தில் புதிதாக ஒருவன் வருவான். அவன் ஏதாவது சந்தேகம் கேட்பான். அவனுக்கும் காது பழகவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். தெரியாமல் சொன்னது ஒன்று. இனிமேல் தெரிந்தே சொல்ல வேண்டும்.

போனை எடுத்தார்.

"அத்தான், வேண்டாம்."

"சும்மா இரு மாப்ளே."

வழக்கமாக எந்தக் காதில் வைப்போம் என்று அவர் யோசித்ததே இல்லை. கை தானாக இடது பக்கம் போனது. நிறுத்தி, வேண்டுமென்றே வலது காதில் வைத்தார். மணி எங்கோ ஒரு டப்பாவுக்குள் அடித்தது. மேலாளர் எடுத்தார். எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ சொன்னார். அவர் போனை இடது காதுக்கு மாற்றினார்.

"...ஞாயித்துக்கிழமைல என்ன சார்? சிபாரிசுக்குன்னா வேண்டாம், முதல்லயே சொல்லிட்டேன்."

"சிபாரிசு இல்ல சார். அந்த டிஸ்க்கைக் கேட்டேன். குறை இருக்கு. மூணாவது பாகத்துல இருந்து."

"அதான் தெரியுமே."

"என் மச்சான் அதைப் பிடிச்சிட்டான் சார். என்கிட்ட வந்து சொன்னான். நான்தான் கேட்டுட்டு ஒண்ணும் இல்லன்னு அனுப்பினேன்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நீங்களா? நீங்க எப்படி சார் விடுவீங்க?"

"எனக்கு வலது காது சரியாக் கேக்கல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"எப்பலேருந்து?" என்று குரல் வந்தது. இப்போது அதில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற குரல். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

அவர் ரிசீவரைப் பார்த்தார். உச்சத்தில் நிற்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். என்றைக்கு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லாது. திரைச்சீலை மாற்றியது எந்த வருடம்? மகள் பெரிய பள்ளிக்குப் போன வருடமா, அதற்கு முன்பா?

"தெரியல சார்."

"அப்போ நீங்க இத்தனை நாள் சரின்னு அனுப்பின டிஸ்க்கெல்லாம்..." மேலாளர் முடிக்கவில்லை.

"எல்லாத்தையும் திரும்பக் கேக்கணும் சார். என் மச்சானைக் கேக்கச் சொல்லுங்க. அவனுக்குக் கேக்குது."

கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. பெரும்பாலும் மேலாளர்தான் பேசினார். இவர் "ம்", "சரி சார்" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு, போனை ரிசீவரின் மேல், பூச்சாடி இருந்த வட்டத் தூசித் தடத்தில் வைத்தார்.

"என்ன சொன்னார்?" என்றாள் மனைவி. அவருடைய வலது பக்கம் நின்றிருந்தவள், கேட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து மறுபடி கேட்டாள். "என்ன சொன்னாருங்க?"

"இவனை நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்."

"உங்களை?"

"என்னையும் வரச் சொன்னார். எதுக்குன்னு சொல்லல."

மைத்துனன் மேசைக்குப் பின்னால் குனிந்து, வலது பின்பக்கக் கம்பியை முதலில் கழற்ற ஆரம்பித்தான்.